மின்புலம் இல்லாமலும் நின்ற அடுக்குகள்

மார்ச் 3, செவ்வாய்
எண்ணெயையும் தண்ணீரையும் ஒரே சங்கிலியில் கோத்தது போன்ற பாலிமர். தானாகவே பிரிந்து அடுக்கடுக்காகப் படியும். ஒரு பாதிக்கு மின்முனைப்பு அதிகம். அதனால் மின்புலம் கொடுத்தால் அடுக்குகள் எழுந்து நிற்கும் என்கிறது என் கணினி மாதிரி. பேராசிரியர் இன்றைய கூட்டத்தில் அந்த மாதிரி தந்த படத்தை நான்கு முறை காட்டினார். மேல்மாடி ஆய்வகத்து அக்கா ஐந்து மாதமாகக் கண்ணாடித் துண்டில் அந்தப் பாலிமரையே பூசிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்துப் பேராசிரியர் கேட்டார்: "கம்ப்யூட்டர்ல நிக்குது, உன் கையில மட்டும் ஏம்மா படுத்துக்குது?" எல்லாரும் சிரித்தார்கள். நானும். சீ.

மார்ச் 6
மனசு உறுத்தியது. மின்புலத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டிப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை.
அடுக்குகள் நின்றன. மின்புலமே இல்லாமல்!

மார்ச் 7
எல்லாம் கணினி மாதிரியில் பாலிமரை அடைக்க நான் போட்ட பெட்டியின் வேலை. அகலத்தில் மூன்று அடுக்குகள் கச்சிதமாகப் பொருந்தும், உயரத்தில் இரண்டரைதான். படுக்க இடமில்லாதது நிற்காமல் என்ன செய்யும்? கணக்கு சீக்கிரம் முடியட்டும் என்று உயரத்தைக் குறைத்தது நான்தான்.

மார்ச் 9
பேராசிரியரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "படம் நல்லாத்தானே இருக்கு? அந்த ஜீரோ ரன்னை நீ ஓட்டவே இல்லன்னு வெச்சுக்கோ. உனக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?" ஆரஞ்சு உரித்தபடியே பேசினார். ஒரு சுளையை நீட்டினார். வாங்கித் தின்றேன்.

மார்ச் 10
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 12
அக்காவுக்கு வேலை நீட்டிப்பு கிடையாதாம். தொட்டியருகே கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என் கையிலதான் ஏதோ கோளாறு போல. இன்னும் நல்லா கழுவிப் பாக்கறேன்." கரைப்பான் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. உண்மை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நானெல்லாம் என்ன ஜென்மம்?

மார்ச் 17, செவ்வாய்
கூட்டத்தில் இரண்டு படங்களைப் போட்டேன். ஒன்றில் மின்புலம் உண்டு, மற்றதில் இல்லை. எதில் உண்டு என்று பேராசிரியரையே கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிறகு பெட்டியின் அளவைச் சொன்னேன். அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நெடுநேரம் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 24
பெட்டியின் உயரத்தை இரட்டித்து ஓட்டினேன். மின்புலம் கொடுத்தும் அடுக்குகள் படுத்தே கிடக்கின்றன, அவள் பூசியதைப் போலவே. பேராசிரியர் வேறு வழிகாட்டியைத் தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு வேலை நீட்டிப்பு இல்லை என்ற கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அவள் என்னோடு இன்னும் பேசவில்லை. காலையில் என் மேஜைமேல் ஒரு கண்ணாடித் துண்டும் சீட்டும் இருந்தன: "பூச்சின் தடிமன் நூற்றிருபது நானோமீட்டர். மூன்று தடவை அளந்தேன். இந்த உயரத்துக்குப் பெட்டி போடு."