முழியனைத் திட்டும் ஞாயிறுகள்

மார்ச் 4, திங்கள்

வண்டி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதை மூன்று முறை சுற்றி வந்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, "இதைத் திருப்பி எடுத்துப்பாங்களா?" என்றார்.

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் கேட்கவும் போவதில்லை. சின்ன எஸ்யூவிதான், ஆனால் இருக்கை உயரம். முழங்காலை மடக்கி முனகிக்கொண்டே உட்கார வேண்டாம். தெரு முழுக்கத் தெரிகிறது. முகம்தான் — சரி, முகத்தைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் புருவம்போல இரண்டு கோடுகள். விளக்குகளோ கீழே, கன்னத்தில், உருண்டையாக. நடுவில் காற்று போகிற கம்பிகள், வாய் கொள்ளாத பல் மாதிரி. பின்கண்ணாடி இடது பக்கம் வளைந்து ஓடுகிறது, வலது பக்கம் அப்படியே நட்டுக்கொண்டு நிற்கிறது.

இவருக்கு நிலம் அளக்கும் வேலை. கோடு நேராக இருந்தால்தான் மனிதருக்குச் சாப்பாடு இறங்கும். அந்தப் பின்கண்ணாடி அவரை எங்கே குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இவர் பார்த்து வைத்திருந்தது ஒரு வெள்ளை வண்டி; சோப்புக்கட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருக்கும். இவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்த நாளில் நான் தனியாகப் போய் இதற்குக் கையெழுத்துப் போட்டேன். என் சம்பாத்தியம், என் முழங்கால்.

மார்ச் 5

பக்கத்து வீட்டு நாய் வண்டியின் முன்னால் நின்று குரைக்கிறது. பின்னால் போனால் வாலாட்டுகிறது. "நாய்க்கே தெரியுது" என்கிறார் இவர். பின்பக்கத்தைப் பார்த்து வாலாட்டியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷம் நின்று நான் கற்றது ஒன்றே ஒன்று. புதுப் பிரேம் மாட்டிக்கொண்டு போனவர், முதல் வாரம் வந்து சண்டை போடுவார்: "என் மூஞ்சியே எனக்கு அடையாளம் தெரியலைங்க." இரண்டாம் வாரம் முணுமுணுப்பார். மூன்றாம் வாரம் ஆளையே காணோம். அடுத்த முறை வரும்போது, அதே பிரேம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்.

இவருக்கும் மூன்று வாரம் கொடுக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் எங்கள் வாசலில் நின்றார்!

இதை ஒழுங்காக எழுத வேண்டும். அண்ணன் வீடு இங்கிருந்து மூன்றாவது வீடு. இரண்டு வருஷமாக எங்கள் வாசல் வந்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். காரணம் ஓர் ஏணி. அண்ணனிடம் இரவல் வாங்கிய ஏணி எங்கள் வீட்டில் ஆடியது. இவர் மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்து, ஒரு காலை அரை விரல் அளவுக்கு அறுத்து, ஆட்டம் நீக்கி, பெருமையாகத் திருப்பிக் கொடுத்தார். கோணல் ஏணியில் இல்லை, எங்கள் தரையில். ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிறவர் சொந்த வீட்டுத் தரையை அளக்கவில்லை. அண்ணன் வீட்டுத் தரை நல்ல மட்டம். ஏறினார், ஏணி சாய்ந்தது, அண்ணியின் உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்.

"உன் வீட்டுக்காரர் என்னைக் கொல்லப் பார்த்தார்" என்றார் அண்ணன். "உங்க அண்ணனுக்கு ஏணி ஏறத் தெரியலை" என்றார் இவர். மச்சான், மாப்பிள்ளை என்ற பேச்செல்லாம் அன்றோடு நின்றது. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அண்ணன் ஒருவர்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்.

அப்படிப்பட்ட அண்ணன் இன்று நின்றார். "என்னம்மா இது, முழியன் மாதிரி?" என்றார். அவர் பல்செட் செய்கிறவர். குனிந்து வண்டியின் வாயைப் பார்த்தார். "மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவே இல்லையே. கம்பி கட்டினாலும் தேறாது."

உள்ளே செய்தித்தாள் குலுங்கியது. இவர் சிரிக்கிறார், சிரிப்பை மறைக்க இருமுகிறார். பிறகு தாளைப் பார்த்தபடியே, "பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லு. அது இதைவிட மோசம்" என்றார்.

அண்ணன் போய்ப் பார்த்தார். "ஐயோ" என்றார். மனம் நிறைந்த ஐயோ.

மார்ச் 17, ஞாயிறு

இன்றும் வந்தார். இவர் அளவு நாடாவோடு தயாராக இருந்தார். இடது வளைவு எவ்வளவு, வலது எவ்வளவு என்று அளந்தார்கள். நாடாவின் ஒரு முனை இவர் கையில், மறுமுனை அண்ணன் கையில். இரண்டு பேரும் என்னிடம்தான் பேசினார்கள். "நாடாவை இழுத்துப் பிடிக்கச் சொல்லு." "பிடிச்சுத்தான் இருக்கேன்னு சொல்லு." நான் சமையலறையில் இருந்தேன். அங்கே யாரிடம் சொன்னார்களோ தெரியவில்லை.

போகும்போது இவர் வாய் தவறி, "நாளைக்கு வெயில்ல பார்க்கணும் மச்சான், இன்னும் அசிங்கமா இருக்கும்" என்றுவிட்டார். அண்ணன், "பார்ப்போம் மாப்பிள்ளை" என்றார்.

அடுப்படியில் நின்று அழுதேன். ஏன் என்று இவர் கேட்டார். வெங்காயம் என்றேன். கையில் இருந்தது தேங்காய்.

மார்ச் 24, ஞாயிறு

இரண்டு நாற்காலிகளை எதிர்ப்பக்க நடைபாதையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து திட்டுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால்தான் முழு அசிங்கமும் கண்ணில் படுகிறதாம். எதிர்வீட்டுப் பாட்டு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கு ஒளிவுமறைவு இல்லாத முகம். எல்லா வண்டியும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கணுமா?" என்று தன் நாற்காலியை எங்கள் பக்கம் கொண்டுவந்து போட்டார். பத்து மணிக்குள் தெருவில் இரண்டு கட்சி. மருந்துக்கடைக்காரர் முதலில் அந்தப் பக்கம் உட்கார்ந்தார், வெயில் ஏறியதும் இந்தப் பக்கம் வந்தார். கொள்கை மாறவில்லை, நிழல்தான் மாறியது என்றார்.

வண்டி வாங்கியவள் நான். என் கருத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

மார்ச் 28, வியாழன்

மோசம் போனேன்.

காலையில் இவர் தன் கைக்குட்டையால் முழியனின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்கைத் துடைப்பதுபோல் நடித்தார். மூன்றாம் வாரம்! என் கடைக் கணக்கு பொய்க்காது. இவருக்கு வண்டி பிடித்துப் போய்விட்டால் திட்டுவதற்கு என்ன இருக்கும்? திட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் அண்ணன் எதற்கு வருவார்? இத்தனை நாள் இவருக்குப் பிடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது பிடித்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறேன். எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 30, சனி

வண்டிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். "இருக்கறதுலயே ரொம்ப அசிங்கமா ஏதாவது காட்டுங்க" என்றேன். கடைக்காரர் மிரளவில்லை. இப்படிக் கேட்கிறவர்களும் இருப்பார்கள் போலிருக்கிறது. விளக்குக்கு ஒட்டும் இமைமுடி கொண்டுவந்தார். கறுப்பு ரப்பர், ஒவ்வொன்றும் சாண் நீளம். இரண்டு கன்னத்திலும் ஒட்டினேன்.

முழியன் இப்போது மேடையேறக் காத்திருக்கும் தவளை.

மார்ச் 31, ஞாயிறு

அமோக வெற்றி. அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இவர் பேச்சு வராமல் கையை மட்டும் ஆட்டினார். மதியம் வரை திட்டினார்கள். அண்ணி இரண்டு பேருக்கும் சாப்பாட்டை அங்கேயே கொடுத்தனுப்பினார். பாட்டு டீச்சர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "இது கொஞ்சம் அதிகம்மா" என்றார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தார். தன் வண்டி பழுதாம், ஓரிடத்தில் பல்செட் கொடுக்க வேண்டுமாம், என் சாவி வேண்டுமாம். "முழியனையா ஓட்டப் போறீங்க? யாராவது பார்த்தா?" என்றேன். "தலைவிதி" என்றார்.

கடை மூடும் நேரத்துக்குத்தான் திரும்பினார். முகத்தில் ஒரு பளபளப்பு. சாவியைக் கையில் வைத்து உருட்டினார், கொடுக்கவில்லை.

"ஓட்டறதுக்கு நல்லாத்தான் இருக்கு."

"அப்படியா?"

"பாலத்துல ஏறும்போது ராஜா மாதிரி இருந்துச்சு. சின்னப் பசங்க கை காட்டினாங்க. நானும் காட்டினேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதே. நான் மாறிட்டேன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். ஞாயித்துக்கிழமைக்காக அவர் வாரம் பூரா வசவு யோசிச்சு வைக்கிறார்" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஏப்ரல் 10

அண்ணனின் வண்டிக்கு ஒரு பழுதும் இல்லை என்று அண்ணி சொன்னார்.

ஏப்ரல் 18, வியாழன்

இவர் பல் தேய்த்துக்கொண்டே, நுரையோடு, "அந்தப் பின்கண்ணாடி இருக்கில்ல, அது கோணல் இல்லை. ஓட்டறவங்களுக்கு மூலை தெரியணும்னு வளைச்சிருக்கான். யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

நான் துண்டைக் கொடுத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "மச்சானுக்குத் தெரிய வேண்டாம். ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் ஆள் வாசல் ஏறுது. திட்டறதுக்கு ஒரு வண்டி இல்லேன்னா நான் அவர்கிட்ட என்னத்தைப் பேசுவேன்?"

இவர் இப்படி மனம் திறந்து பேசி எவ்வளவு காலம். கட்டிக்கொள்ளலாம் என்று போனேன். இவர் கையில் இன்னும் பிரஷ் இருந்தது, விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல், முழியனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "பார்த்தாலே தூக்கம் வர மாட்டேங்குது மச்சான்." "எனக்குச் சாப்பாடே இறங்கலை மாப்பிள்ளை." இரண்டு பொய்யர்களுக்கும் காபி கொடுத்தேன்.

மே 5, ஞாயிறு

பொய்யைக் கட்டி அழ வேண்டி வரும் என்பார்கள், வந்தது. போன வாரம் இவர் ஒரு வேகத்தில் "இதை வித்துத் தொலைச்சாதான் நிம்மதி" என்றிருக்கிறார். அண்ணன் பின்வாங்க முடியாமல், "இன்னிக்கே போர்டு மாட்டுவோம்" என்றிருக்கிறார். ஒருவர் வேண்டாம் என்பார் என்று மற்றவர் காத்திருக்க, போர்டு மாட்டியே விட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைப் பார்த்து எவன் வரப் போகிறான் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று ஆள் வந்தார். மீன்தொட்டி விற்கிறவர். வண்டியைப் பார்த்தார், கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "என்ன அழகுங்க. எங்கிட்ட இதே முகத்துல ஒரு மீன் இருக்கு" என்றார்.

எதிர்ப்பக்க நாற்காலியிலிருந்து அண்ணன்தான் முதலில் எழுந்தார். "நல்லாப் பாருங்க. பல்லைப் பாருங்க" என்றார். "அதுதாங்க விசேஷமே" என்றார் வந்தவர். இவர் அவரைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனார். "ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் நேர். எங்கேயாவது உண்டா?" "எங்கேயும் இல்லை, அதான் கேட்கிறேன்" என்றார் வந்தவர். "நாய் குரைக்கும்" என்றார் அண்ணன். "என்கிட்ட நாய் இல்லைங்க." இவருக்கு வேர்த்துவிட்டது. கடைசி அஸ்திரமாக, "இமை வேற இருக்கு" என்றார்.

வந்தவர் இமையை மெல்லத் தடவினார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பார்வையில் கெஞ்சல். ஆனால் ஒருவருக்கு மற்றவரின் முகம் தெரியாதபடி ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மத்தளத்துக்கு வந்தது கோபம்.

"வண்டி என் பேர்ல இருக்கு. விக்க மாட்டேன். போர்டை யார் மாட்டினாங்களோ அவங்களே கழட்டுங்க" என்றேன்.

மீன்தொட்டிக்காரர் பெருமூச்சுவிட்டுப் போனார். இவர் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தீங்களா மச்சான், என்ன பிடிவாதம்." "சின்ன வயசுலேருந்தே இவ இப்படித்தான் மாப்பிள்ளை." போர்டைக் கழற்ற இரண்டு பேரும் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன்.

மே 30

நல்ல மழை. ஓர் இமை விழுந்துவிட்டது. சனியன் விட்டது என்று மற்றதையும் பிய்த்துக் குப்பையில் போட்டேன். இனி அண்ணன் எப்படியும் வருவார், அது எதற்கு?

ஜூன் 1, சனி

காலையில் பார்த்தால் இரண்டு இமைகளும் ஒட்டியிருக்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தேன். மேலே பென்சிலில் மெல்லிய கோடு, அளந்து போட்டது. கீழே பிசின் கொஞ்சம் வழிந்து காய்ந்திருக்கிறது. பல்செட்டுக்கு ஈறு செய்வார்களே, அந்த இளஞ்சிவப்பு.

ஆக, என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டாயிற்று.

ஜூன் 9, ஞாயிறு

கடைத்தெருவிலிருந்து திரும்பினால் வாசலில் ஏணி நிற்கிறது. அதே ஏணி. இவர் மேலே, வாசல் விளக்கை மாற்றுகிறார். அண்ணன் கீழே, இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். அவர் சட்டைப்பையிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"குட்டைக் காலுக்குச் செஞ்சது" என்றார். "பல்செட் மாதிரிதான். எங்க வீட்டுல மாட்டிக்கணும், உங்க வீட்டுல கழட்டிடணும்."

இவர் மேலிருந்து தெருவைப் பார்த்தார். "மச்சான், இங்கேருந்து பார்த்தா முழியன் இன்னும் கேவலமா இருக்கு."

அண்ணன் ஏணியின் காலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இறங்குங்க மாப்பிள்ளை" என்றார். "நானும் ஏறிப் பார்க்கிறேன்."

இவர் இறங்கினார். அண்ணன் ஏறினார். இவர் இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், முகத்தைப் படியோடு சேர்த்து. நான் உள்ளே போய்க் காபிக்குப் பால் வைத்தேன்.