தொட்டி மேல் எடுத்த படம்

அம்மா,

நீ தூங்கிய பிறகு கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதுகிறேன். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியக்கூடாது.

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடுகிறார்களா என்று பார்க்க நீ சுடிதார் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினாயே, அப்போது எடுத்தேன். எங்கள் ஊராட்சித் தலைவர் என் அம்மா என்று பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்தேன். யாரோ அதை என் பெயர் இல்லாமல் ஊர் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

“தலைவரம்மா காலேஜுக்குக் கெளம்பிட்டாங்களா?” என்று திருமால் மாமாதான் ஆரம்பித்தார். “துப்பட்டா எங்கீங்க?” என்றார் இன்னொருவர். அதற்குக் கீழே வந்ததை என்னால் எழுத முடியாது. படத்தை அழித்துவிட்டேன். ஆனாலும் அரூர் வரைக்கும் போய்விட்டது.

தொட்டி ஆபரேட்டர் சந்திரமோகன் அண்ணன்தான் எடுத்தார் என்று நீ அவரைத் திட்டினாய். நான் பக்கத்திலேயே வாய் திறக்காமல் நின்றேன்.

சாயங்காலம் அப்பா போனில் பேசியதையும் கேட்டேன். “நாளைக்கு கிராம சபையில அவ பேச வேணாங்க. சேலையக் கட்டி ஓரமா உக்கார வெச்சிர்றேன். இனிமே எல்லாம் நானே பாத்துக்கறேன், அவ கையெழுத்து மட்டும் போடட்டும்.”

நீ சுடிதாரில் போனால் என்ன பேசுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுவாயோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. எதை உடுத்தினாலும் சரி, அப்பா வருவதற்கு முன்பே போய் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிடு. படத்தைப் பற்றிக் கேட்டால் என் மகள்தான் எடுத்தாள் என்று எல்லார் முன்னாலும் சொல். அப்பா அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

உன் மகள்