மூணு வெள்ளி

சிங்கப்பூர்,
மாசி மாதம் 18, 1958

நகரியில் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் தாட்சாயணிக்கு, கடல் தாண்டி வந்த உன் வீட்டுக்காரன் திருவேங்கடம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அங்கே நீயும், என் தம்பி பெண்டாட்டி அம்சவேணியும், இதைப் படித்துக் காட்டும் உன் அண்ணன் நாகபூஷணமும் சுகமாக இருக்க வேண்டும்.

நாகபூஷணம் எந்த இடத்தையும் தாண்டாமல் படிக்கட்டும். நான் கிளம்பும்போது அவன் என்ன சொன்னான்? "திருப்பதிக்குப் போறேன்னு காளஹஸ்தி பஸ்ல குந்திக்கினு போனவன், சிங்கப்பூர் போய்ட்டு எந்த ஊர்ல எறங்குவானோ" என்றான். காளஹஸ்தியில் இறங்கியது உண்மைதான். சாமி கும்பிட்டுவிட்டு, அங்கே ஒருவனுக்கு மாடு பல் பார்த்துக் கொடுத்து, மோர் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதை மட்டும் அவன் யாரிடமும் சொல்ல மாட்டான்.

இப்போது அவன் செய்ததைச் சொல்கிறேன். தம்பி வெங்கடரமணன் காசநோயில் படுத்ததும், அவனோடு துறைமுகத்தில் வேலை செய்யும் குடுபல்லி கிருஷ்ணப்பா கப்பல் டிக்கெட்டோடு கடிதம் போட்டான் அல்லவா? "கப்பலடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு டாக்சிக்கு மூணு வெள்ளி தனியாக வைத்துக்கொள்" என்று எழுதியிருந்தான். அதைப் படித்த நாகபூஷணம், அந்த ஊரில் வண்டிக்காரன் வெள்ளிச் சாமான்தான் வாங்குவான் என்று அர்த்தம் சொன்னான். அம்சவேணி கால் கொலுசு இரண்டையும் கழற்றி, தம்பியின் சின்ன வயசு அரைஞாணையும் சேர்த்து, "மூணு ஆச்சு மாமா" என்று மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள்.

கப்பல் வந்த அன்று கிருஷ்ணப்பாவுக்கு வேலை, வர முடியவில்லை. டாக்சிக்காரன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி முடிச்சை அவிழ்த்து அவன் கையில் வைத்தேன். "என்னங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான். "எங்க வூட்டுப் பொண்ணு கால்லேர்ந்து கழட்டியாந்தது. மூணு வெள்ளி சரியா கீதான்னு பாத்துக்கோப்பா" என்றேன். சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, துணியை அவனே முடிந்து என் மடியில் வைத்தான். இங்கே ரூபாய்க்குத்தான் வெள்ளி என்று பேராம். அதுவும் காகித வெள்ளி. கப்பலில் மாற்றிய நாற்பத்தைந்தில் மூன்றை எடுத்துக்கொண்டான்.

தம்பியைப் பார்த்தேன். எண்பத்தெட்டு ராத்தல் எடை, போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. மருந்து கேட்கிறது, ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று டாக்டர் சொன்னார். தொண்ணூற்றைந்துக்கு வந்தால்தான் கப்பலில் ஏற்றுவார்களாம். மாசிக் கடைசிக் கப்பலை விட்டால் என் பர்மிட்டும் முடிந்துவிடும், அவனை இங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்ப வேண்டும். பயந்துவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல் கொலுசுக் கதையைச் சொன்னேன். சிரித்தான். சிரிப்பு இருமலாகி நர்சம்மா என்னைத் திட்டினாள். ஆனால் அன்றைக்கு அரைத் தட்டு சோறு தின்றான். அப்போதே முடிவு செய்தேன், தினமும் வந்து எதிரில் உட்கார வேண்டும் என்று.

டாக்சியில் தினம் போக வர ஆறு வெள்ளி. "கையில கீறது ஏழு நாளுக்குத்தான் வரும், ஒருநாள் வுட்டு ஒருநாள் போண்ணா" என்றான் கிருஷ்ணப்பா. அவன் என்னைப்போல மாட்டு வண்டி ஓட்டியவன் இல்லை. புது வழி என்றால் நான் மாட்டுக்கு முன்னால் இறங்கி ஒரு தடவை நடந்து பார்ப்பேன், உனக்குத் தெரியும். மறுநாள், நான் தங்கியிருக்கும் அவன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை பஸ் போகும் வழியிலேயே நடந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, தமிழ் பேசும் கண்டக்டரைப் பிடித்து எங்கிருந்து எங்கே எவ்வளவு என்று கேட்டேன். நடுவில் ஒரு பாலம். அந்தப் பாலம் வரை பத்துக் காசு, தாண்டினால் இன்னொரு பத்து. பாலம் வரை நடந்துபோய் அங்கே ஏறினால் பத்தோடு முடிந்தது. போக வர இருபது காசு. மிச்சத்தில் தினம் ஒரு வெள்ளிக்குப் பாலும் முட்டையும் வாங்கிப்போனேன். கண்டக்டருக்கு நான் பாலத்து மாமா ஆகிவிட்டேன். மழை கொட்டிய ஒருநாள் பாலத்துக்கு இந்தப் பக்கமே ஏறச் சொன்னார். நடக்கிறவனுக்கு மழை என்ன செய்யும் என்று சொல்லிவிட்டேன்.

நாகபூஷணமே, இங்கே கொஞ்சம் சத்தமாகப் படி. இருபத்தாறு நாள், ஒருநாள்கூடத் தவறவில்லை. பஸ்ஸுக்கு ஐந்து வெள்ளி இருபது காசு. ஒரு தடவைகூட வேறு பஸ்ஸில் ஏறவில்லை.

முந்தாநாள் எடை போட்டார்கள். தொண்ணூற்றேழு. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தம்பியைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நானே கை காட்டி டாக்சியை நிறுத்தினேன். "எதுக்குண்ணா தண்டச் செலவு, பஸ்ல போலாம்" என்றான் தம்பி. "குந்துடா, ராஜா மாதிரி" என்றேன். பாலம் வந்தபோது வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, நான் ஏறும் இடத்தை அவனுக்குக் காட்டினேன். கிருஷ்ணப்பா வீட்டு வாசலில் இறங்கி மூன்று வெள்ளி, காகிதத்தில், எண்ணிக் கொடுத்தேன்.

மஞ்சள் துணி முடிச்சு இப்போது அவன் பெட்டியில் இருக்கிறது. அதை நான் தர மாட்டேன், வாங்க வேண்டியவள் அவன் கையால் வாங்கிக்கொள்ளட்டும்.

ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிக்க நம் வயலோரம் சங்கிலி பிடித்து அளக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கல்லை எந்தப் பக்கம் நட்டாலும் சண்டைக்குப் போகாதே. மெட்ராசில் இறங்கியதும் தந்தி கொடுக்கிறேன். ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டி அனுப்பு. வைக்கோலை மெத்தென்று பரப்பி வை, இரண்டு பேர் வருகிறோம். நீங்கள் எல்லாரும் நூறு வயசு இருக்க வேண்டும்.

கீழே இருக்கும் கைநாட்டு என்னுடையது. மேலே இருக்கும் எழுத்து யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்சவேணி முதல் வரியிலேயே கண்டுகொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
திருவேங்கடம்