விளக்கு இப்போது மங்குவதில்லை

நௌசோரி,
ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு.

மகன் பெனாயாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஆண்டவர் விட்டுவைத்த அளவுக்கு நலம். நீ அங்கே குயின்ஸ்லாந்தில் நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது, கூட இருப்பவர்களுக்குத்தான் ஆகும். நீ போனில் கேட்ட இரண்டு கேள்விக்கும் போனிலேயே பதில் சொல்லிவிடுங்கள் என்றாள் அம்மா. உனக்குப் பிடிக்காத பேச்சு வந்ததும் உன் போனுக்குச் சிக்னல் போய்விடுகிறது, காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது, அதனால் எழுதுகிறேன். முதல் கேள்வி, பாட்டுப் போட்டால் கார் விளக்கு மங்குகிறதே, அது சரியாகிவிட்டதா. இரண்டாவது, லோசலினி வீட்டுக்குப் போனீர்களே, அந்தக் குடும்பம் மன்னித்ததா, கிறிஸ்துமஸுக்கு வந்து அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா. விளக்கை முதலில் கேட்டாய், பெண்ணைப் பிறகு கேட்டாய். நானும் அதே வரிசையில் சொல்கிறேன்.

அதற்கு முன் வீட்டு விஷயம். அம்மாவுக்கு மூட்டு வலி மழைக்குக் கூடியிருக்கிறது, ஆனாலும் விடியும் முன் எழுந்து பஸ் நிலையத்துக்கு ரொட்டிப் பொட்டலம் கட்டுகிறாள். சேப்பங்கிழங்கை இந்த முறையும் வண்டு தின்றுவிட்டது. உன் மாமன் சகியுசாவைச் சபையில் மூப்பனாக்கியிருக்கிறார்கள். பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தபோது, என்னை விட்டுவிட்டு, என்னிடம் இயற்பியல் படித்துத் தேறாதவனைத் துணைத் தலைமையாசிரியராக்கக் கை தூக்கியவன் அவன். அந்தக் கையைத்தான் இப்போது ஜெபத்துக்கும் தூக்குகிறான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, விளக்கு. நீ இங்கே விட்டுப்போன காரில் பின்சீட்டுக்குப் பின்னால் சவப்பெட்டி அளவுக்கு ஒரு பேஸ் பெட்டி, அதை அதிரவைக்க ஒரு ஆம்ப்ளிஃபயர், இதற்கெல்லாம் மின்சாரம் கொடுக்க அந்தக் காரோடு ஜப்பானிலிருந்து வந்த சின்ன டைனமோ. பெட்டி ஒவ்வொரு முறை தும் என்னும்போதும் கார் மொத்தத்தின் மின்சாரத்தையும் அது ஒன்றே உறிஞ்சிக்கொள்கிறது, விளக்குக்கு மிச்சம் மீதிதான். இதற்கு நீ கண்டுபிடித்த வைத்தியம், யாரோ சொன்னான் என்று பளபளப்பாக ஒரு கெப்பாசிட்டர் வாங்கி மாட்டியது. குழாயில் தண்ணீர் வராத வீட்டில் பெரிய வாளி வாங்கி வைத்ததுபோல. வாளி நிறையவும் அதே குழாயிலிருந்துதானே வர வேண்டும்? பத்தாம் வகுப்பில் இதை உனக்கு நானேதான் நடத்தினேன், நீ ஜன்னலுக்கு வெளியே ரக்பி பார்த்துக்கொண்டிருந்தாய். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பாட்டில்லாமல் பதினான்கு வோல்ட் இருப்பது பாட்டுப் போட்டதும் பதினொன்றுக்கும் கீழே விழுகிறது. பிறகு பின்கம்பளத்தைத் தூக்கினேன். ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியைப் பெயிண்டைக்கூடச் சுரண்டாமல் பெயிண்டின் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறாய். முன்னால் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்து, கையில் எடுத்ததும் நார் நாராக வந்துவிட்டது. தகரத்தைப் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். டைனமோவிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து இன்ஜினுக்கு என்று மூன்று இடத்திலும் என் கட்டைவிரல் பருமனுக்கு வெல்டிங் கேபிள் போட்டேன். சுவாவில் உடைத்துப் போட்ட ஒரு வேனிலிருந்து பெரிய டைனமோவை எடுத்து வந்து பொருத்தினேன். உன் கெப்பாசிட்டரைக் கழற்றிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன், அந்த வேலைக்கு அது நன்றாக இருக்கிறது. சாயங்காலம் கோயில் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, சத்தத்தைக் கடைசிவரை திருப்பினேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. சுவரில் விழுந்த வெளிச்சம் அசையவில்லை. உன் முதல் கேள்விக்குப் பதில் இது.

இனி இரண்டாவது. போன வருஷம் ஒரு ராத்திரி லோசலினியையும் அவள் அம்மா தோரிக்காவையும் சந்தையிலிருந்து ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கூட்டிப்போய், பாலத்துக்கு முந்தைய வளைவில் காரைச் சாக்கடைக்குள் இறக்கினாய். பன்றி குறுக்கே வந்தது என்றாய். லோசலினியும் ஆமாம் பன்றி என்றாள். முன்சீட்டில் இருந்த தோரிக்காவின் முழங்கால் நொறுங்கியது. அவள் கட்டுப் பிரிக்கும் முன்பே நீ விமானம் ஏறினாய். இப்போது நம் முறைப்படி ஒரு திமிங்கிலப் பல்லை மன்னிப்புக்கும், இன்னொன்றைப் பெண் கேட்கவும் எங்களைக் கொண்டுபோகச் சொன்னாய். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் தலை குனிந்து உட்கார வேண்டிய இடத்தில், உனக்குப் பதில் நான் போய் உட்கார்ந்தேன்.

சகியுசாதான் பேசுவதாக ஏற்பாடு. அவன் காரிலேயே ஒத்திகை பார்த்தான். "மச்சான், பன்னி வந்துச்சுன்னே சொல்லிருவோம். எல்லாருக்கும் நல்லது, பன்னிக்குத்தான் கெட்ட பேரு" என்று சிரித்தான். "உன் சாதிசனம் மேல பழி போடுறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். அத்தோடு அவன் சிரிப்பு நின்றது. அந்த வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தோம், தோரிக்கா மட்டும் நாற்காலியில். கால் மடங்காது. பெரியவர்கள் தலைக்கு மேல் தன் தலை இருக்கிறதே என்று கூசி, கூடியவரை குனிந்துகொண்டிருந்தாள். அந்த ஊரிலேயே நல்ல பாய் முடைகிறவள் என்று பேரெடுத்தவள், இனித் தரையில் உட்கார்ந்து ஒரு பாய் முடைய முடியாது. அவளைப் பார்த்துக்கொண்டே சகியுசா பல்லை இரண்டு கையிலும் ஏந்தி, "அன்னைக்கு அந்தப் பன்னி..." என்று தொடங்கினான். பல்லை ஏந்திக்கொண்டு பொய் சொல்வதை நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நீயும் உன் மாமனும் எதை வைத்து நினைத்தீர்கள்? அவன் கையிலிருந்து பல்லை வாங்கிக்கொண்டேன். காரில் மீட்டரை வைத்துப் பார்த்த அன்றே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பன்றி எதுவும் வரவில்லை, பாட்டு சத்தத்துக்கு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது, வளைவு என் மகன் கண்ணுக்குத் தெரியவில்லை, விளக்கு மங்குவது பல மாதமாக அவனுக்குத் தெரியும், இப்போதுதான் நான் அதைச் சரி செய்திருக்கிறேன் என்று சொன்னேன்.

தோரிக்கா, "நான் பன்னியப் பாக்கல. ஆனா நான் எதையுமே பாக்கலயே, அதான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். அவள் புருஷன் எபராமா லோசலினியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அழாமல் பேசினாள். "மாமா சொல்றது நெசம். சத்தத்தக் கொற, அம்மா பயப்படுதுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். இந்தப் பாட்டு முடியட்டும்னான். சாக்கடையில விழுந்த பெறகும் பாடிக்கிட்டுதான் இருந்துச்சு. நான்தான் எட்டி நிறுத்தினேன். அம்மாவ வெளிய இழுக்கறதுக்கு முன்னால, பன்னின்னு சொல்லுன்னான்." இந்தக் கடைசி வாக்கியம் எனக்கே புதிது. உன் அம்மாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.

எபராமா, சரி செய்த காரைக் காட்டு என்றான். ஊருக்குள் பாட்டுச் சத்தம் கூடாது என்பதால் தலைவரிடம் ஆள் அனுப்பி அனுமதி வாங்கினான். இருட்டத் தொடங்கியிருந்தது. தோரிக்கா கம்பை ஊன்றி வந்து அதே முன்சீட்டில் உட்கார்ந்தாள். முழுச் சத்தத்தில் போட்டேன். எதிரே மரவள்ளித் தோட்டம் வேலிவரைக்கும் பகல்போலத் தெரிந்தது, ஒரு இலைகூட மங்கவில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கம்பிகளைக் காட்டினேன். "இவ்ளோதானா? இந்தக் கம்பிக்கா என் காலு போச்சு?" என்றாள். ஆமாம் என்றேன்.

திரும்பிப் போய் உட்கார்ந்ததும் எபராமா பல்லை வாங்கிக்கொண்டான், மன்னிப்பு கிடைத்துவிட்டது. கை தட்டினார்கள், யாங்கோனா வேர்ப்பொடியைக் கலக்கிக் குடித்தோம், என் கிண்ணத்தை அவனே கொண்டுவந்து கொடுத்தான். சகியுசா இரண்டாவது பல்லுக்காகப் பைக்குள் கை விட்டான். லோசலினி, "வேணாம் மாமா, அது பைக்குள்ளேயே இருக்கட்டும். அவனுக்காக ஒரு தடவ பொய் சொல்லிட்டேன், வாழ்நாளெல்லாம் சொல்லிட்டிருக்க என்னால ஆகாது" என்றாள். சகியுசா கையை வெளியே எடுத்தான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உனக்குப் பெண் கிடைத்திருக்கும் என்று சகியுசா ஊரெல்லாம் சொல்கிறான். அது சரிதான், கிடைத்திருக்கும். எனக்கு மகள் இல்லை. இருந்திருந்தால் உனக்குக் கொடுத்திருக்க மாட்டேன், அவர்கள் மகளை மட்டும் உனக்கு எப்படி வாங்கிக் கொடுப்பேன்?

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். வேலை செய்யும் இடத்தில் கறி வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ, சம்பளத்தில் அம்மாவின் மூட்டுக்கு மருந்து வாங்கி அனுப்பு. லோசலினியின் போன் எண் மாறிவிட்டது, புது எண்ணை உன் அம்மாவிடம் கேட்டு அவளை அழ வைக்காதே. ஆண்டவர் உன் கைகளைக் காப்பாராக, உனக்குப் பக்கத்தில் நிற்பவர்களையும் காப்பாராக. கிறிஸ்துமஸுக்குத் தாராளமாக வா. அந்த ஊர் வழியாகப் போனால் இறங்கியும் போகலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், தேநீர் கொடுப்பார்கள். உன்மேல் அவர்களுக்கு இப்போது கோபம்கூட இல்லை.

உன் அப்பா,
வைசாக்கே.