முள் நிற்கும் வரை

3-1-1972
இன்று நன்றாக அசடு வழிந்தேன். பெங்களூரில் பழைய சாமான் கடையில் வாங்கிவந்த சிக்னல் மீட்டரை ரேடியோவோடு பூட்டினேன். முள் துள்ளியது. "ஸ்டேஷன் கெடச்சிருச்சு" என்று கத்தினேன். என் வீட்டுக்காரி ரஹமத் பீவி அடுப்பை விட்டு ஓடிவந்தாள். பக்கத்துக் கிணற்றில் மோட்டார் நின்றது; முள்ளும் படுத்துக்கொண்டது.

நான் அளந்தது முனிராஜின் பம்ப்செட்டை. பாப்பாரப்பட்டியில் பதினெட்டு வருஷமாக ரேடியோ ரிப்பேர் செய்கிறவன் நான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முனிராஜ், "எம் மோட்டாரு எத்தன மார்க்கு வாங்குச்சுங்க பாய்?" என்றான்.

4-1
சிரித்தது போதும். பட்டாளத்தில் என் மகன் நசீருதீனைக் காணவில்லை என்று தந்தி வந்து பதினாறு நாள். நம்மோடு சண்டை போட்ட நாட்டு ரேடியோவில் காலை ஏழு மணிக்கு, பிடிபட்ட நம் ஆட்கள் பெயரை வாசிக்கிறார்களாம். என் செட்டில் அது இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கிறது. ஏரியலை எந்தப் பக்கம் கட்டினால் மேலே வரும் என்று அளக்கத்தான் மீட்டர்.

6-1
மறுபடி பெங்களூர். "ரெண்டு மீட்டருல எது அகலமா அளக்கும்னு கேட்டு வாங்கினது நீங்கதானே?" என்றார் கடைக்காரர் கிருஷ்ணப்பன். ஆமாம். வேட்டி எடுக்கிற புத்தி.

அகலமாக அளக்கிற மீட்டர் அக்கம்பக்கத்து இரைச்சலையும் சேர்த்து அள்ளிவிடுமாம். குறுகலாக அளப்பது நாம் தேடுவதை மட்டும் எடுக்கும். ஆனால் முள் மெதுவாகத்தான் ஏறும். "குமிழைத் திருப்பிட்டு, முள்ளு நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். பொறுமை இருக்கா?" என்றார்.

குறுகலானதை மாற்றி வாங்கினேன். பொறுமை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கவில்லை.

7-1
அவசரமாகத் திருப்பினேன். ஒன்றுமில்லை.

8-1
டயலில் ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி இருபது எண்ணினேன். ஓரிடத்தில் முள் மெல்ல எழுந்து நின்றது. ஏரியலை வேப்பமரத்துக்கு மாற்றிக் கட்டியதும் இன்னும் ஏறியது. ஹெட்போனில் மட்டும், சன்னமாக, பெயர்கள். பாதிதான் கேட்கிறது, மீதியை மோட்டார் தின்கிறது.

முனிராஜிடம் எப்படிக் கேட்பது? காலையில் மூன்று மணி நேரம்தான் அவனுக்குக் கரண்ட். நெல் காய்கிறது. அவனே வந்தான். "ஏழு மணிக்கு நிறுத்திக்கறேங்க. எங்கூட்லயும் சோறு தின்ன பையன்."

11-1
இன்று ஒரு நசீர் அகமது. ஊர் ஆக்ரா. யார் பெற்ற பிள்ளையோ, இருக்கிறான்.

13-1
இல்லை.

15-1
முனிராஜ் மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றான். ரஹமத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெயர்வரை கேட்டேன். மொத்தப் பட்டியலும் இத்துடன் முடிந்தது, இனி வாசிப்பு இல்லை என்றான் வாசித்தவன்.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"வந்துச்சாங்க?" என்றான் முனிராஜ்.

"இன்னிக்கு ஒரே எரச்சல். ஒண்ணும் கேக்கல."

முனிராஜ் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நாளைக்கும் நிறுத்தறேங்க பாய்" என்றான்.

இன்று இரைச்சலே இல்லை. ஒவ்வொரு பெயரும் தெளிவாகக் கேட்டது; அவன் பெயர்தான் இல்லை. அதை மட்டும் நான் சொல்லவில்லை.