அப்பா போட்டுக்கொள்ளாத ஊசி

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நான் நலம், உன் நலத்தை நீ போன் எடுக்கிற அன்றைக்குத் தெரிந்துகொள்கிறேன். உன் அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

சர்க்கரை, இளைப்பு என்று இருப்பவர்களை வீடு வீடாகத் தேடிப்போய் நிமோனியா தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்வதுதான் இப்போது என் வேலை. கதவைத் திறக்காமல் இருமலிலேயே பதில் சொல்லும் நம் தெருத் தையல்காரரைக்கூட, கல்லில் நார் உரிப்பது போலப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். ஊசி போட்டுக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டபடி அந்தப் புண்ணியவான் கேட்டார், "அக்கா, உங்க வீட்டுக்காரர் போட்டுக்கிட்டாரா?" ஊருக்குத்தானே உபதேசம், பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஊசி என்றாலே உன் அப்பாவுக்கு ஒரு நாள் வெயில், ஒரு நாள் மழை, மற்ற நாளெல்லாம் கை வலிக்குமாம். தினமும் தன் வயிற்றில் தானே இன்சுலின் குத்திக்கொள்கிற மாவீரருக்குக் கை வலிக்குமாம்! போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தாரே, அந்தச் சொகுசு மறக்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்ததோ என்னவோ.

வேண்டாம் என்பவரிடம் வாதாடாதே, எதிரே உட்கார்ந்து என்ன தடுக்கிறது என்று கேள், பிறகு வாயை மூடிக்கொள் என்பது எங்கள் பயிற்சியில் முதல் பாடம். இந்த வீட்டில் நான் வாயை மூடியதாகச் சரித்திரம் இல்லை. நேற்று வேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பது போல, "உங்களுக்கு என்னங்க தடுக்குது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். பிறகு, "போன தடவ நான் படுத்தப்பதானே பையன் வந்தான். நல்லா இருந்தா எதுக்கு வரப்போறான்?" என்றார். அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன்.

ஆகவே, உலகத்தையே தோளில் தாங்கி நிற்கும் என் செல்வமே, அவரை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிப் போன் செய்யாதே, அதைச் சொல்ல நான் இருக்கிறேன். நீ வருகிற தேதியை மட்டும் அவரிடம் சொல். வேளைக்குச் சாப்பிடு. நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அவர் எழுந்து வந்து உனக்குக் கதவு திறக்கிற நிலையில் இருக்கும்போது வா.

இப்படிக்கு,
உன் அம்மா