பலூனில் கட்டிய மூன்று விளக்குகள்

மார்ச் 4
வானிலை ஆபீசில் காற்றின் வேகம் பார்க்கச் சாயங்காலம் விடும் பலூனுக்கு வந்த விளக்குகள் எல்லாம் ஈரம் பட்டு ஒரே மங்கல். ஒன்றை மட்டும் கட்டிவிட்டால் தொலைநோக்கியில் தேடித் தேடிக் கண்தான் பூத்துப்போகும். மூன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டேன். சுற்றிச் சுற்றி ஜோராக ஏறியது. பதிவேட்டில் வழக்கம்போல ‘விளக்கு: ஒன்று’. மூன்று என்று எழுதினால் ஏன், எதற்கு என்று மேலதிகாரிக்கு நாலு பக்கம் எழுதவேண்டும். யாருக்கு இருக்கிறது பொறுமை!

மார்ச் 5
எதிர்வீட்டு பஸ் டிரைவர் நேற்றுச் சாயங்காலம் வானத்தில் மூன்று வெளிச்சங்கள் சுற்றுவதைப் பார்த்துப் பயந்து நடுரோட்டில் பிரேக் அடித்திருக்கிறார். பின்னால் வந்த லாரி மோதி, பின்படியில் நின்ற கண்டக்டருக்கு ஒரு கால் போய்விட்டது.

என் பலூன்தான் — வேறென்ன?

மார்ச் 9
மேலதிகாரியிடம் சொன்னேன். “சும்மா கிடக்கிற சங்கை ஏம்மா ஊதிக் கெடுக்கிற? அந்தப் பதிவேட்டுல பாக்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ்.”

மார்ச் 17
விபத்தை விசாரிக்கும் அதிகாரி ஆபீசுக்கு வந்தார். மரியாதையான மனிதர். டிரைவர் வரைந்து கொடுத்த படத்தைக் காட்டினார். மூன்று புள்ளிகள், சுற்றிலும் வளைந்த அம்புக்குறி. அச்சு அசல்.

“உங்க பலூன்ல ஒரு விளக்குதானே மேடம்?”

“ஆமா சார்.”

ஏன்டி, மூணுன்னு சொல்ல வாய் என்ன ஒட்டிக்கிச்சா உனக்கு?

மார்ச் 18
தூக்கமில்லை.

ஏப்ரல் 2
அறிக்கை வந்துவிட்டது. ‘அந்த நேரத்தில் வானத்தில் மூன்று விளக்குகள் உள்ள பொருள் எதுவும் இல்லை.’ டிரைவரை மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். தெருவில் அவரைப் பார்த்தால் மேலே கை காட்டிச் சிரிக்கிறார்கள்.

இன்று வாசலில் நிறுத்தினார். “அக்கா, நீங்க தினமும் வானத்தையே பாக்குறவங்க. சத்தியமா பாத்தேன்க்கா. என் பொண்டாட்டியே பயந்து, புள்ளைய தூக்கிட்டுப் போய் வேற ரூம்ல தாழ் போட்டுக்கிறா.”

ஆபீசுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்! நானும் ஒரு மனுஷியா?

ஏப்ரல் 20
நடந்ததை எழுதி எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடமே போனேன். இரண்டு தடவை படித்தார்.

“முந்தாநாள் அந்த டிரைவரே எழுதிக் குடுத்துட்டாரேம்மா. வானத்துல ஒண்ணும் பாக்கலை, கண்ணசந்து திடுக்குனு முழிச்சு பிரேக் அடிச்சுட்டேன்னு. வேலை போச்சு, ஜெயில் இல்லை. இப்ப இதை எடுத்தா, பொய் வாக்குமூலம்னு கேஸ் அவர் மேலயே திரும்பும். முதல்ல அவரைக் கேட்டுட்டு வாங்க.”

ஏப்ரல் 21
டிரைவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். விளக்குகள், பதிவேடு, என் பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். குனிந்த தலை நிமிரவே இல்லை.

“விட்டுடுங்கக்கா. தூங்கிட்டேன்னு சொன்ன அப்புறம்தான் இந்த வீட்ல என்னை மனுஷனா பாக்குறாங்க. கண்டக்டர்கிட்டயும் அப்படித்தான் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தூங்கினவனுக்கு மன்னிப்பு உண்டு. பைத்தியத்துக்கு எங்க இருக்கு?”

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இருவரும் அப்போதுதான் பார்த்தோம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“தூங்கிட்டேன்னு எழுதின அந்தத் தாள்ல, நான்தானே அவர் கையைப் பிடிச்சு கையெழுத்துப் போட வெச்சேன்” என்றாள்.